மழையை மணந்தவர்

பெட்டியை இஞ்சால தாங்கோ பிள்ளை. இந்தத் துறைமுகத்துக் கல்லில அதின்ர சில்லு உருளாது, கழண்டு கையில வந்திடும். கோயம்புத்தூர் எண்டெல்லோ எழுதியிருந்தது? பேரைக் கண்டவுடன சிஞ்ஞோராவுக்குச் சொன்னனான், இது எங்கட ஆள், நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு. முன்னுக்கு ஏறுங்கோ. கதவை இழுத்து அடிச்சுச் சாத்தவேணும். பலமா. இன்னும் ஒருக்கா. ஆ, அவ்வளவுதான்.

என்ர பேர் குலசிங்கம். யாழ்ப்பாணம், கரவெட்டிப் பக்கம். சிசிலிக்கு வந்து முப்பத்தொரு வருசம். இருபத்தைஞ்சு வருசம் பலெர்மோ நகரத்தில, பிறகு ஆறு வருசம் இந்தத் தீவில. நீங்கள் தங்கப்போறது சிஞ்ஞோரா அகத்தாவின்ர வீடு. சிஞ்ஞோரா எண்டால் எங்கட 'அம்மா' மாதிரி, மரியாதைக்குச் சொல்லுறது. விடுமுறைக்கு வாற ஆக்களுக்கு ஆறு அறை. பின்னால மலைச்சரிவில நாலு படி முந்திரிகைத் தோட்டம். முந்திரிகை எண்டவுடன நீங்கள் பாயாசத்துக்குப் போடுறதை நினைப்பியள். எங்கட ஊரில முந்திரிகை எண்டால் திராட்சை. சரி, உங்களுக்காகத் திராட்சை எண்டே சொல்லுறன்.

முன்னால தண்ணி பவுசர், உங்கட தண்ணி லொறி, போகுது, பாத்தியளோ? இனி வீடு வரைக்கும் அதுக்குப் பின்னாலதான். இந்த றோட்டில முந்த ஏலாது. நல்லதாப் போச்சு, போக முதல் உங்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும். வீட்டில என்ர மனிசி நிப்பா, யோகமலர். நல்ல மனிசி, வடிவாக் கதைப்பா. ஆனா மிலானோவில இருந்து வந்த ஒரு சஞ்சிகை, அதில வந்த ஒரு படம், அதைப் பற்றி மட்டும் வாய் திறக்காதையுங்கோ. நீங்கள் அதைப் பாக்கேல்லத்தானே? நல்லது. ஆரோ சொல்லி நீங்கள் கேட்டு வைக்கிறதிலயும் பார்க்க, நானே முழுக்கச் சொல்லிவிடுறன்.

இந்த வேலை எனக்குத்தான் வந்தது. அதை முதல் விளங்கிக்கொள்ளுங்கோ. இந்த வான் வண்டி ஓட, தோட்டம் பாக்க ஒரு ஆள் வேணுமெண்டு சிஞ்ஞோரா தேடினவ. திராட்சையில அனுபவம் இருக்கோ எண்டு கேட்டா. பிறந்ததில இருந்து இருக்கு எண்டன். பொய்யில்ல. உரும்பிராயில என்ர மாமா ஒராள் ஒரு பந்தல் வைச்சிருந்தவர். பள்ளிக்கூட லீவில போகேக்க அதில நான் எத்தினை நாள் ஏறியிருப்பன். ஒருக்கா விழுந்தும் இருக்கிறன். மனிசியைக் கூடக் கூட்டிக்கொண்டு வந்தது அறையளைக் கூட்டித் துடைக்க. அவ்வளவுதான் பேச்சு.

அவவுக்கும் வைனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. செவ்வாய், வெள்ளி விரதம். வைன் பட்ட கிளாசைக் கழுவினால் பிறகு கையை ரண்டு தரம் கழுவுவா. குடிக்கிற ஆள் நான். அதாவது, வேலைக்கு வேண்டிய அளவு.

ரண்டாவது வருசம் ஒரு நாள் நிலவறையைக் கூட்டப் போனவ, பாதியில மேல ஏறி வந்து சிஞ்ஞோராவுக்கு மூண்டு விரலைக் காட்டிப்போட்டு மூக்கைப் பொத்தினா. மூண்டாவது பீப்பா. அப்ப அவவின்ர இத்தாலிப் பாசை அவ்வளவுதான். சிஞ்ஞோரா ஒரு கிளாசில எடுத்துப் பாத்தா, நல்லாத்தானே இருக்கெண்டா. நானும் பாத்தன். நல்லாத்தான் இருந்தது. அவசரப்பட்டுச் சொல்லக்கூடாதெண்டு இன்னொரு கிளாசும் பாத்தன். அதுவும் நல்லாத்தான் இருந்தது. மனிசி மட்டும் 'ஈரச் சாக்கு மணக்குது' எண்டு ஒரே பிடியா நிண்டா. ரண்டு கிழமையில அந்தப் பீப்பாவைத் தோட்டத்து வாய்க்காலில ஊத்தினது நான்தான். குருட்டு வாய்ப்பு எண்டு சொன்னன். சிஞ்ஞோரா அப்பிடி நினைக்கேல்ல. அண்டையில இருந்து நிலவறைத் திறப்பு, நீங்கள் சாவி எண்டுவியள், அது மனிசியின்ர இடுப்பில. எனக்கு ஒரு மனவருத்தமும் இல்ல. திறப்பு ஒரு பாரம்தானே.

இந்தத் தீவின்ர வைன் மற்ற வைன் மாதிரியில்ல. மல்வாசியா எண்டு ஒரு வெள்ளைத் திராட்சை. பிடுங்கினவுடன பிழியிறேல்ல. நாணல் தட்டியில பரப்பி, பத்துப் பன்னிரண்டு நாள் வெய்யிலில காயவைக்கிறது. ஒவ்வொரு குலையையும் ஒவ்வொரு நாளும் கையால திருப்பவேணும். பின்நேரம் பனிக்கு முதல் தாழ்வாரத்துக்குள்ள இழுக்கவேணும். சுருங்கிச் சுருங்கி, உள்ளுக்கிருக்கிற தண்ணியெல்லாம் போய், பிழிஞ்சால் தேன் மாதிரி வரும். அந்தப் பன்னிரண்டு நாளும் ஒரு துளி மழை படக்கூடாது. பட்டால் தோல் வெடிச்சு, அடுத்த நாள் பூஞ்சணம்.

போன வருசம் செப்டெம்பர். நூறு தட்டி வெளியில. எட்டாம் நாள். மத்தியானம் சாப்பிட்டுப்போட்டு நான் வானை எடுக்கிறன், ரண்டு மணிக் கப்பலில விருந்தாளியள் வருகினம். யோகம் ஓடி வந்து கதவைப் பிடிச்சா.

"மழை வரப்போகுது. தட்டியளை உள்ளுக்கு எடுப்பம், ஒரு பக்கம் பிடியுங்கோ."

"ஆர் சொன்னது?"

"மணக்குது."

"என்ன மணக்குது?"

"சுட்ட கல்லில தண்ணி தெளிச்ச மாதிரி. கடலுக்கு அங்கால எங்கயோ பெய்யுது."

நான் போனை எடுத்துக் காட்டினன். அதில சூரியன். மஞ்சளா, வட்டமா, நாலு நாளுக்கும் சூரியன். மேல பாத்தாலும் ஒரு முகில் இல்ல. சிஞ்ஞோராவும் வந்து பாத்தா. அவவும் போன் பக்கம்தான். சும்மா உள்ளுக்கு அடுக்கினால் காத்துப் படாது, ஒரு நாள் வெய்யில் வீண், விடு எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டா.

யோகத்தின்ர அப்பர் அல்வாயில புகையிலைத் தோட்டக்காரர். புகையிலை காயிற நேரம் மழை பட்டால் அந்த வருசமே போச்சு. அதால அந்த வீட்டுப் பிள்ளையள் முழுக்க எந்த நேரமும் வானத்தை மணந்துகொண்டு, நீங்கள் மோந்து பாக்கிறது எண்டுவியள், வளந்ததுகள். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் நான் என்ன சொன்னன் தெரியுமோ? "சட்டலைட்டுக்குத் தெரியாதது அல்வாய்க்காரிக்குத் தெரியுமோ?" எண்டு சொல்லிச் சிரிச்சுப்போட்டு வானை எடுத்தன். பகிடிக்குத்தான் சொன்னனான். சிஞ்ஞோராவுக்கும் இத்தாலியில சொல்லிக் காட்டினன், அவவும் சிரிச்சா.

பிறகு நடந்ததெல்லாம் நான் கேள்விப்பட்டதுதான். நாலாம் அறையில ஒரு ஜேர்மன்காரச் சோடி. ரண்டு பேரும் அறுபது தாண்டினவை. கடலில குளிச்சுப்போட்டு, குளிக்கிற உடுப்போட படியேறி வருகினம். இவ கையைக் காட்டிக் கூப்பிட்டு, தட்டியைக் காட்டி, வானத்தைக் காட்டியிருக்கிறா. என்ன பாசையில எண்டு கேக்காதையுங்கோ. அந்த மனிசன் துவாயைக் கழுத்தில சுத்திக்கொண்டு ஒரு பக்கம் பிடிச்சாராம். அவரின்ர மனிசியும் யோகமும் மாறி மாறி மற்றப் பக்கம். முக்கால் மணித்தியாலத்தில நாப்பது தட்டி. நாப்பத்தோராவதைத் தூக்கேக்க முதல் துளி விழுந்ததாம். பிறகு துளி இல்ல, வாளியால ஊத்தின மாதிரி.

நான் எங்கயெண்டோ? நான் வாறன், றோட்டில வெள்ளம், வான் நடுவில நிண்டு போச்சு. இறங்கித் தள்ளு தள்ளெண்டு தள்ளி, ஒரு மாதிரி வந்து சேர எல்லாம் முடிஞ்சுது.

அறுபது தட்டி போச்சு. சிஞ்ஞோரா அந்த ஈரத்தில, நிலத்தில அப்பிடியே குந்திக்கொண்டிருக்கிறா. புருசன் செத்த வீட்டிலயும் அவ அப்பிடி அழேல்லயாம். யோகம் தாழ்வார வாசலில நிக்கிறா, தலையில இருந்து தண்ணி சொட்டுது, கையில நாணல் கிழிச்ச காயம். அந்த நேரம் ஒரு மனிசன் தன்ர மனிசிக்கு என்னவும் சொல்லவேணும். நான் "தேத்தண்ணி இருக்கோ?" எண்டு கேட்டன். அவ போய் வைச்சுத் தந்தா. அந்த ஜேர்மன்காரருக்கும் சேத்து.

அந்த நாப்பது தட்டியில இருந்து ஒரே ஒரு சின்னப் பீப்பா. ஆனா பிள்ளை, அது ஒரு வைன். அந்த வருசம் தீவில அரைவாசித் தோட்டங்களுக்கு ஒண்டும் மிஞ்சேல்ல. அதால இந்த ஜூனில மிலானோச் சஞ்சிகையில இருந்து ரண்டு பேர் கமெராவோட வந்திட்டினம். சிஞ்ஞோரா அடுப்படியில மீன் பொரிக்கிறா, யோகம் சாப்பாட்டுப் பீங்கான் தூக்குறா. அவைக்கு முன்னால சும்மா நிண்டது நான். மழை வருமெண்டு எப்பிடித் தெரிஞ்சது எண்டு என்னட்டைக் கேட்டினம்.

நான் 'நாங்கள்' எண்டுதான் தொடங்கினன். சத்தியமா. நாங்கள் மணந்தம், நாங்கள் தூக்கினம் எண்டு. ஆனா இந்த இத்தாலியில நாங்களுக்கும் நானுக்கும் சொல்லின்ர வால் மட்டும்தான் வித்தியாசம். கதை சூடு பிடிக்கேக்க வால் வழுக்கிப் போச்சு. பிறகு அவை தட்டியைத் தூக்கிப் பிடியுங்கோ, வானத்தைப் பாருங்கோ எண்டினம். மரியாதைக்குப் பிடிச்சன், பாத்தன்.

ஓகஸ்டில சஞ்சிகை வந்தது. முழுப் பக்கத்துக்கு நான். மேல கொட்டை எழுத்தில, 'மழையை மணந்த தமிழன்'. யோகம் எட்டிப் பாத்து, "என்ன எழுதியிருக்கு?" எண்டா. தீவின்ர அழகைப் பற்றி எண்டன். அந்த நேரம் பாத்து சிஞ்ஞோரா வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியில இருந்து கடைசி வரி மட்டும் சத்தமா வாசிச்சா. வாசிச்சு முடிச்சு என்னைப் பாத்தா. யோகமும் பாத்தா. அப்பதான் எனக்கு விளங்கிச்சுது, மனிசிக்கு இத்தாலி முழுக்க விளங்கியிருக்கு. எப்ப இருந்தெண்டு தெரியேல்ல. ஆறு வருசமா நான் அவவுக்குப் பக்கத்தில நிண்டு சிஞ்ஞோராவோட என்னென்ன கதைச்சன் எண்டு யோசிச்சுப் பாக்க, எனக்கு வேர்த்துப் போச்சு.

அண்டைக்கு இரவு முட்டை பொரிச்சுத் தந்தா. அடுத்த நாள் விடிய, சின்னப் பையோட வாசலில நிக்கிறா. பலெர்மோவில அவவின்ர தமக்கை இருக்கிறா, அங்க போறாவாம். எப்ப வருவாய் எண்டு கேட்டன்.

"மழையை மணந்தவர்தானே நீங்கள். இனி அதோடயே குடும்பம் நடத்துங்கோ."

எப்பிடி? முப்பது வருசத்தில அவ பகிடி விட்டது அண்டைக்கு ஒருநாள்தான். எனக்குச் சிரிக்கவும் ஏலாமல் போச்சு.

அது ஓகஸ்ட் நடுப்பகுதி. இத்தாலி முழுக்க லீவில நிக்கிற நேரம். ஆறு அறையும் நிரம்பி வழியுது. பன்னிரண்டு கட்டில் விரிப்பு, இருபத்திநாலு தலையணை உறை, எல்லாம் நான். ஒரு கஷ்டமுமில்ல. ஒரு அம்மா மட்டும் தன்ர விரிப்பைத் தானே திரும்ப விரிச்சா. சாப்பாடும் பிரச்சினையில்ல, நான் நல்லாச் சமைப்பன். பாணும், நீங்கள் பிரெட் எண்டுவியள், தக்காளியும் உடம்புக்கு நல்லதுதானே. போன் எடுத்தால் தமக்கைதான் எடுப்பா, யோகம் குளிக்கிறா எண்டுவா. ஒரு மனிசி ரண்டு கிழமையா நிப்பாட்டாமல் குளிப்பாவோ?

ஓகஸ்ட் கடைசியில சிஞ்ஞோரா என்னைக் கூப்பிட்டா. திராட்சை இன்னும் ஒரு கிழமையில பழுத்திடும். எந்த நாள் பிடுங்கிறது, எந்த நாள் பரப்பிறது, நீயே சொல்லு எண்டா. சஞ்சிகையில போட்டிருக்குத்தானே எண்டா. நான் தோட்டத்துக்குப் போய் ஒரு மணித்தியாலம் நிண்டு காத்தை இழுத்து இழுத்துப் பாத்தன். பக்கத்து வீட்டில பூண்டு வதக்கினம், அதுதான் மணந்தது.

அடுத்த நாள் விடியக் கப்பல் எடுத்தன். கூப்பிடப் போகேல்ல, சும்மா பலெர்மோவில எனக்கும் ஒரு அலுவல் இருந்தது. கப்பல் மிலாற்சோ எண்ட துறைமுகத்துக்குப் போகும், அங்க இருந்து ரயில். கப்பல் முழுக்க என்ன சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு போறன். சஞ்சிகைக்காரர் பிழையா எழுதிப்போட்டினம் எண்டு சொல்லுவமோ? அவைக்குத் தமிழாக்களைப் பிரிச்சுத் தெரியாது எண்டு சொல்லுவமோ? இப்பிடி ஒரு ஏழெட்டு வைச்சிருந்தன்.

மிலாற்சோவில இறங்கிறன். கப்பலுக்கு ஏற நிக்கிற வரிசையில, நாலாவது ஆளா, அந்தச் சின்னப் பையோட யோகம்.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும், சொல்லுங்கோ. "நான் வாறனெண்டு தெரிஞ்சுதான் வந்தனியோ?" எண்டு கேட்டன்.

"சிஞ்ஞோரா முந்தநாள் போன் எடுத்தவ. திராட்சைக்கு வந்தனான்" எண்டா.

"நான் எடுக்கேக்க மட்டும் குளிக்கிறாய்."

அவ கடலைப் பாத்துக்கொண்டு நிண்டா. எனக்கு அந்த ஏழெட்டில ஒண்டும் வாயில வரேல்ல பிள்ளை. என்னத்துக்கெண்டு தெரியாது, நான் ஒருத்தருக்கும் சொல்லாத ஒண்டுதான் வந்தது. "யோகம், அண்டைக்கு வான் ஒரு இடமும் நிக்கேல்ல" எண்டன். றோட்டில வெள்ளமும் இல்ல. கப்பல் அலையால வரேல்ல, விருந்தாளியளும் இல்ல. துறைமுகத்துக் கோப்பிக்கடையில இருந்தனான். கடலுக்கு மேலால மழை ஒரு வெள்ளைத் துணி மாதிரி வாறதைக் கண்ணாலயே கண்டனான். வானை எடுத்தால் பத்து நிமிசம். வந்திருக்கலாம். ஆனா வந்தால் நீ சொன்னது சரியெண்டு ஆகிடும். விடும், விடும் எண்டு பாத்துக்கொண்டு, மழை முடியுமட்டும் அந்தக் கூரைக்குக் கீழ இருந்தனான் எண்டு, வரிசையில நிக்கிற அவ்வளவு சனத்துக்கும் முன்னால சொன்னன். ஒருத்தருக்கும் தமிழ் விளங்காது, அது வேற.

ஓம், உங்களுக்கும் கொஞ்சம் முன்னம் வெள்ளக் கதையைத்தான் சொன்னனான். பதினொரு மாசம் சொல்லிச் சொல்லிப் பழகிப் போச்சு, குறை நினையாதையுங்கோ.

அவ திரும்பி என்னைப் பாத்தா. "தெரியும்" எண்டா.

"என்ன தெரியும்?"

"மழைக்குள்ள வான் தள்ளின மனிசன் வந்து நிக்கேக்க, சட்டையில ஒரு துளி ஈரம் இல்ல. நானும் சிஞ்ஞோராவும் அண்டைக்கே கதைச்சனாங்கள்."

அண்டைக்கே! ரண்டு பேரும்! ஒரு வருசமா எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, ஒருத்தியும் வாய் திறக்கேல்ல.

"அப்ப ஏன் கேக்கேல்ல?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

எனக்கு அந்த இடத்தில கடல், கப்பல் எல்லாம் கலங்கலாத்தான் தெரிஞ்சது. உப்புக் காத்து. பிறகு வரிசை நகந்துது. பையை என்ர கையில தந்தா. பலெர்மோவில ஏதும் அலுவலோ எண்டு கேட்டா, இல்லை எண்டன். அந்தக் கப்பலிலயே ரண்டு பேரும் ஏறினம். ஏறி இருந்தாப்பிறகு, "தேத்தண்ணி குடிக்கிறியோ?" எண்டு நானே போய் வாங்கிக்கொண்டு வந்தன். சீனி கூடிப் போச்செண்டா. ஆனா முழுக்கக் குடிச்சா.

இப்ப எல்லாம் ஒழுங்கு. பிடுங்கிற நாளை அவ சொல்லுவா, தட்டி தூக்கிறது நான். முந்தியும் அப்பிடித்தான் இருந்திருக்கும், நான் கவனிக்கேல்ல. சிஞ்ஞோரா மிலானோவுக்கு ஒரு கடிதமும் போட்டிருக்கிறா, அடுத்த இதழில திருத்தம் வருமாம். வரட்டும். மூலையில சின்னதா வந்தால் நல்லது.

இந்தா, வந்திட்டம். அந்தச் சுவருக்குப் பின்னால வெள்ளையாத் தெரியிறது எங்கட வீடு. முற்றம் முழுக்க தட்டி, பாத்தியளோ? இண்டைக்கு ஆறாம் நாள். இந்த முறை நூற்றிப்பத்து.

அந்தா, கையைக் காட்டுறா. கொஞ்சம் பொறுங்கோ, கண்ணாடியை இறக்கிறன். என்ன யோகம்? ... இப்பவோ? ... எல்லாத்தையுமோ?

பிள்ளை, ஒருக்கா மேல எட்டிப் பாருங்கோ. வெளிச்ச வானம். ஒரு பஞ்சளவு முகிலும் இல்ல. போனிலயும் சூரியன்தான் போட்டிருக்கு, நான் விடியவே பாத்தனான்.

பெட்டி வானுக்குள்ளயே கிடக்கட்டும், பிறகு எடுப்பம். நீங்கள் இறங்கித் தட்டியின்ர அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ.